குஞ்சு வெளியே வரும் வரை

1/
இன்னைக்கு ஒரு பறவையைப் பற்றி எழுத வந்திருக்கேன். சர்க்கரை, பிரஷர் பதிவு எதிர்பார்த்து வந்தவங்க கோவிச்சுக்காதீங்க, அது அடுத்த வாரம். இது கொஞ்சம் நீளமான த்ரெட். கடைசியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நான் செய்த ஒரு தப்பும் வருகிறது. அதைச் சொல்லத்தான் பறவையையே பிடித்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

2/
2020 மார்ச். கொரோனா வார்டு தயார் செய்துகொண்டிருந்த நாட்கள். கட்டில் எத்தனை, ஆக்சிஜன் எத்தனை என்று நாள் முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டு ராத்திரி போனைத் திறக்கிறேன். எல்லாச் செய்தியும் சாவுக் கணக்கு. அதற்கு நடுவில் ஒரு படம். மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டிப் பறவை.

3/
கீழே இருந்த செய்தி இது. பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்கே மிண்டனாவோ தீவில் வாழும் குள்ள மீன்கொத்தியின் குஞ்சு. அந்த இனத்தை அறிவியல் உலகம் பதிவு செய்து 130 வருடம் ஆகிறது. கூட்டை விட்டு வெளியே வந்த குஞ்சு ஒன்று படம் பிடிக்கப்பட்டது அதுதான் முதல் முறை.

4/
நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த வரியில். படம் எடுத்தவர் ஒரு டாக்டர். பெயர் மிகெல் டேவிட் டி லியோன். விழித்திரை அறுவை சிகிச்சை நிபுணர். கிட்டத்தட்ட பத்து வருடமாக இந்தப் பறவையைப் பின்தொடர்ந்தவர் என்று அன்றைய செய்திகள் சொல்லின.

5/
விழித்திரை டாக்டர் என்றால் யார்? சர்க்கரை நோயாளிகளை வருடம் ஒரு முறை கண்ணைக் காட்டுங்கள் என்று நாங்கள் விரட்டுகிறோம் இல்லையா, அப்போது பாப்பாவை விரித்து உள்ளே பார்ப்பவர் அவர்தான். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தில் வேலை. கை அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒருத்தருக்குப் பார்வை போகும்.

6/
அப்படிப்பட்ட கை, வேலை முடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறது. அந்தச் செய்தி என்னை விடவில்லை. அந்தப் பறவையைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் உங்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றியதை மட்டும் சொல்றேன்.

7/
முதலில் அளவு. பன்னிரண்டு, பதின்மூன்று சென்டிமீட்டர்தான். உங்க சட்டைப் பையில் இருக்கும் பால்பாயின்ட் பேனாவைவிடச் சின்னது. அதிலும் அலகு ஒரு நல்ல பங்கு. ஆரஞ்சு அலகு, ஊதா மினுக்கும் தலை, கருநீல இறக்கையில் தெளித்துவிட்ட மாதிரி நீலப் புள்ளிகள். முதல் தடவை பார்த்தால் யாரோ கலர் கூட்டி எடிட் பண்ணிட்டாங்கன்னுதான் நினைப்பீங்க.

8/
மீன்கொத்தி என்றதும் குளக்கரை ஞாபகம் வரும். இது அப்படி இல்லை. தாழ்நில மழைக்காட்டுக்குள்ளே, நிழலில், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கும் கீழே ஒரு குச்சியில் உட்கார்ந்திருக்கும். சாப்பாடு பூச்சி, குட்டிப் பல்லி, தவளை. பெயரில்தான் மீன்.

9/
இது ஒன்றும் அதிசயம் இல்லை. நம்ம தெருவில் கரன்ட் கம்பியில் உட்கார்ந்து கத்துமே வெண்மார்பு மீன்கொத்தி, அது குளமே இல்லாத ஊரில் வெட்டுக்கிளி, ஓணான் தின்றே காலம் தள்ளும். உலகத்தில் நூறுக்கும் மேல் மீன்கொத்தி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் மீனை மட்டும் நம்பி வாழ்பவை குறைவு.

10/
சரி, இவ்வளவு பளிச்சென்று இருக்கும் பறவையை ஏன் யாரும் பார்க்க முடியவில்லை? ஏன்னா அது அசையாது. அடர்ந்த நிழலில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும். திடீரென்று ஒரு கோடு போல் பறக்கும். எங்கே போச்சுன்னு தெரியாது. குரலும் பூச்சி கத்துகிற மாதிரி மெல்லிய ஒரு கீச்சு. மழைக்காட்டில் பூச்சிச் சத்தத்துக்குப் பஞ்சமா?

11/
இந்த இடத்தில் ஒரு சின்ன டாக்டர் பாடம். கண்ணுக்குள் ஃபோவியா என்று ஒரு புள்ளி இருக்கிறது. நீங்கள் இந்த எழுத்தை வாசிப்பதே அந்தக் குண்டூசித் தலை அளவு இடத்தால்தான். நமக்கு ஒரு கண்ணுக்கு ஒன்று. மீன்கொத்திகளுக்கு ஒரு கண்ணுக்கு இரண்டு. ஒன்று பக்கவாட்டில் கூர்ந்து பார்க்க, இன்னொன்று முன்னால் இருக்கும் இரையைக் குறிவைக்க.

12/
யோசித்துப் பாருங்க. மனுஷனின் ஒற்றை ஃபோவியாவைக் காப்பாற்றுவதே தொழிலாகக் கொண்ட ஒருவர், இரண்டு ஃபோவியா வைத்திருக்கும் பறவையைத் தேடிக் காட்டுக்குள் நடக்கிறார். அவர் அதைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாடியே அது அவரைப் பார்த்திருக்கும்.

13/
இன்னொன்று, அந்த நீலம். இறக்கையைப் பொடித்துப் பார்த்தால் நீலச் சாயம் எதுவும் கிடைக்காது. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் நீலமாகத் தெரிகிறது. வெள்ளைக்காரர்களின் நீலக்கண்ணும் இந்த வகைதான். கருவிழியில் நீல நிறமியே கிடையாது, ஒளி சிதறுவதுதான் நமக்கு நீலம்.

14/
இப்போ கொஞ்சம் வரலாறு. 1887-88ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஸ்டீர் என்பவர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சுற்றினார். திரும்பிப் போய் 1890ல் அவர் வெளியிட்ட பட்டியலில்தான் இந்த மிண்டனாவோ குள்ள மீன்கொத்தி முதலில் வருகிறது. செய்தியில் சொன்ன 130 வருடக் கணக்கு அதிலிருந்து.

15/
அந்தக் காலத்தில் ஒரு பறவையைத் தெரிந்துகொள்வது என்றால் சுடுவது. தோலை உரித்து, பஞ்சு அடைத்து, காலில் சீட்டு கட்டி, பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றுவது. குறை சொல்லவில்லை. அன்றைக்கு வேறு வழி இல்லை. நாங்களும் முதலாம் ஆண்டில் பிணத்தை அறுத்துத்தானே மனுஷனைப் படித்தோம்.

16/
அந்த மாணவர்களில் ஒருவர் ஃபிராங்க் போர்ன்ஸ். பறவை சேகரிக்கப் போனவர், பிறகு மருத்துவம் படித்து, அமெரிக்கப் படையின் டாக்டராக மணிலாவுக்கே திரும்ப வந்தார். இந்தப் பறவையின் கதை டாக்டரில் ஆரம்பித்து டாக்டரிலேயே வந்து நிற்கிறது. சும்மா ஒரு தற்செயல்தான். ஆனா எனக்குப் பிடிச்சிருந்தது.

17/
பஞ்சு அடைத்த தோல் நிறையச் சொல்லும். நீளம், நிறம், அலகின் வடிவம் எல்லாம். ஆனால் அந்தப் பறவை குஞ்சுக்கு என்ன ஊட்டும் என்று சொல்லாது. எப்போது பயப்படும் என்று சொல்லாது. அதைச் சொல்ல உயிரோடு ஒன்று வேண்டும், பக்கத்தில் பொறுமையாக ஒரு ஆள் வேண்டும்.

18/
மிண்டனாவோ எவ்வளவு பெரிசு? தமிழ்நாட்டில் முக்கால் பங்கு. இலங்கையைப் போல ஒன்றரை மடங்கு. இந்தப் பறவை அங்கேயும், பக்கத்தில் ஒட்டியிருக்கும் பசிலான் தீவிலும்தான். வடக்கே லூசோன் தீவுக்கு வேறு ஒரு குள்ள மீன்கொத்தி, நடுவில் சமார், லெய்த்தே தீவுகளுக்கு வேறு ஒன்று. இவை தனித்தனி இனங்களா ஒரே இனமா என்று நிபுணர்களுக்குள் இன்னும் வாக்குவாதம்.

19/
நம்ம தமிழ் மாதிரிதான். நாகர்கோவில், கோயம்புத்தூர், யாழ்ப்பாணம் என்று பிரிந்து இருந்தால் பேச்சு மாறும். தீவுகளுக்கு நடுவில் கடல். சின்ன இறக்கையோடு காட்டு நிழலை விட்டு வெளியே வராத பறவை கடலைத் தாண்டாது. ஆயிரமாயிரம் வருடம் பிரிந்தே இருந்தால் நிறமும் மாறிவிடும்.

20/
அப்படிக் காட்டை விட்டு வராத பறவைக்குக் காடே போனால்? 1900 வாக்கில் பிலிப்பைன்ஸ் நிலப்பரப்பில் சுமார் 70 சதவீதம் காடு. இன்று சுமார் கால் பங்கு. முதலில் போனது தாழ்நிலக் காடுதான். சமதளம், லாரி போகும், மரம் பெரிசு. அந்தத் தாழ்நிலம்தான் இந்தப் பறவையின் வீடு.

21/
இதுவரைக்கும் வந்தவங்களுக்கு நன்றி. இனிமேல்தான் என் கதை.

22/
இந்தப் பறவைக்கு நம்ம பக்கத்தில் ஒரு நெருங்கிய சொந்தம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் வாழும் குள்ள மீன்கொத்தி. அதுவும் குட்டிதான், எடை பதினைந்து இருபது கிராம். காலில் மூன்றே விரல். மஞ்சள் வயிறு, நீல முதுகு, ஊதாத் தலை, பவழ அலகு. பிலிப்பைன்ஸ் படத்தைப் பார்த்த நாளிலிருந்து இதையாவது நேரில் பார்க்கணும்னு ஆசை.

23/
கொங்கண் பக்கம் ஜூன் மழை இறங்கியதும் இவை கூடு வைக்க வந்துவிடும். ஓடைக்கரை மண் சரிவில் கை நீளத்துக்குத் துளை போட்டு, அதன் கடைசியில் முட்டை. 2022 ஜூலையில் நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "கண்டிப்பா பாக்கலாம் டாக்டர், ஆளுக்கு இவ்வளவுன்னு கட்டிட்டா போதும், படம் உறுதி." காட்டுப் பறவைக்கு உறுதி எப்படி வரும்னு நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கலை.

24/
போனோம். ஓடைக்கு இந்தப் பக்கம் பச்சை வலை கட்டி ஒரு மறைவிடம். உள்ளே ஸ்டூல் போட்டு எட்டுப் பேர், எட்டு பெரிய லென்ஸ். எதிரே மண் சரிவில் துளை. துளைக்கு முன்னால் இருந்த செடிகொடியெல்லாம் சுத்தமாக வெட்டியிருந்தது, படத்தில் குறுக்கே வராமல் இருக்க. துளைக்குச் சற்று தள்ளி அழகாக ஒரு குச்சி நட்டிருந்தார்கள், பறவை வந்து உட்கார.

25/
வந்தது. சத்தியமா சொல்றேன், மூச்சு நின்றுவிட்டது. வாயில் ஒரு குட்டி அரணை. மழையில் நனைந்த அந்த நிறத்தை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. எட்டுக் கேமராவும் ஒரே நேரத்தில் படபடவென்று அடித்தன. பறவை விருட்டென்று பின்னால் போய் ஒரு இலைக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டது.

26/
அங்கேயே உட்கார்ந்திருந்தது. வாயில் அரணை. வர ஒரு அடி, திரும்ப ஒரு அடி. நாற்பது நிமிஷம். உள்ளே குஞ்சுகள் கத்துவது மழைச் சத்தத்திலும் லேசாகக் கேட்டது. கடைசியில் அந்த அரணையைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்து போய்விட்டது.

27/
பக்கத்தில் இருந்தவர் சலித்துக்கொண்டார். "ச்சே, ஃபீடிங் ஷாட் மிஸ் ஆயிடுச்சு." எனக்கு மழையில் நனைந்த குளிர் திடீரென்று உறைத்தது. இந்தக் காட்சியை நான் முன்னாடியே பார்த்திருக்கிறேன். காட்டில் இல்லை. வார்டில்.

28/
நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருடம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். நன்றாகப் படித்த பையன். ஒரு வருடமாகக் கையெழுத்து கெட்டுப்போச்சு, பேச்சு குழறுது, வாயில் எச்சில் வடியுது. பள்ளிக்கூடத்தில் கேலி. கோயில், மந்திரிப்பு எல்லாம் முடிந்து எங்களிடம் வந்திருந்தார்கள்.

29/
அவன் கண்ணில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால், கருவிழியின் ஓரத்தில் தங்கமும் பச்சையும் கலந்த ஒரு வளையம். வில்சன் நோய். உடம்பால் தாமிரத்தை வெளியேற்ற முடியாது. அது ஈரலிலும் மூளையிலும் படியும். கண்ணில் படிந்தால் இந்த வளையம். கைசர்-ஃபிளைஷர் வளையம் என்று பெயர். புத்தகத்தில் எல்லாரும் படிப்போம். இருண்ட கண்ணுள்ள நம்மவர்களில் வெறும் டார்ச்சில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அரிது.

30/
முக்கியமான விஷயம், இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. சீக்கிரம் ஆரம்பித்து வாழ்நாள் முழுக்க விடாமல் சாப்பிட்டால் ரொம்பப் பேர் நன்றாக வாழலாம். விட்டால் உயிர் போகும். நரம்பைத் தாக்கும் எத்தனையோ நோயைப் பார்த்துக் கையை விரிக்கிற எங்களுக்கு, இது கடவுள் விட்டுவைத்த ஒரு வாசல் மாதிரி.

31/
செய்தி பரவியது. பி.ஜி.க்கள் வந்தார்கள். பக்கத்து யூனிட் வந்தது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒவ்வொருவரும் டார்ச். ஒவ்வொருவரும் இமையை விரலால் தூக்கி, "மேல பாரு, கீழ பாரு." முதல் நாள் அவன் சிரித்துக்கொண்டே காட்டினான். தனக்கு ஏதோ பெரிய மரியாதை கிடைக்கிறது என்று நினைத்திருப்பான்.

32/
இரண்டாம் நாள் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தான். சாப்பிடும்போதும் யாராவது வந்தார்கள். அவன் அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார். பார்த்து முடித்ததும் திரும்ப ஊட்ட உட்காருவார். அடுத்த கூட்டம் வரும். திரும்ப எழுந்து நிற்பார்.

33/
இப்போ என் பங்கு. அன்று ராத்திரி எனக்கு டியூட்டி. ஹாஸ்டல் நண்பர்கள் ஐந்து பேர் வேறு வார்டு போஸ்டிங், பார்க்கவில்லை என்று கேட்டார்கள். பத்தரை மணிக்கு நான்தான் கூட்டிப்போனேன். தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பினேன். என் டார்ச்தான். என் விரல்தான் இமையைத் தூக்கியது. வளையத்தைக் காட்டி, ஒரு வாத்தியார் தோரணையில் விளக்கம் வேறு கொடுத்தேன்.

34/
கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான். "தம்பி, எல்லாரும் பாத்துட்டுப் போறீங்களே, என் புள்ளைக்கு எப்ப வைத்தியம் பண்ணுவீங்க?" நான் சொன்னேன்: "டெஸ்ட் நடக்குதும்மா, வந்ததும் ஆரம்பிச்சிருவாங்க." பொய் இல்லை. இருபத்து நாலு மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அதில் தாமிரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருந்தது.

35/
காலையில் கட்டில் காலி. கேஸ் ஷீட்டில் ஒரே வார்த்தை, 'அப்ஸ்காண்டட்'. சொல்லாமல் போய்விட்டார்கள் என்று அர்த்தம். கட்டிலுக்கு அடியில் சிறுநீர் சேகரிக்கும் கேன் பாதி நிறைந்து இருந்தது. மருந்தில் ஒரு மாத்திரைகூட அவன் வாய்க்குப் போகவில்லை.

36/
சேர்க்கையில் கொடுத்திருந்த விலாசத்துக்கு எங்கள் சீஃப் கடிதம் போடச் சொன்னார். நான்தான் எழுதினேன். பதில் இல்லை. அந்தப் பையனுக்கு வீட்டில் ஒரு தங்கச்சி இருந்தாள். இது பரம்பரை நோய். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அறிகுறி வரும் முன்பே கண்டுபிடித்தால் வராமலேயே தடுக்கலாம். அவளைக் கூட்டி வாருங்கள் என்று சொல்ல யாருக்கும் நேரம் வரவில்லை. வளையம் பார்க்க எல்லாருக்கும் நேரம் இருந்தது.

37/
ஒருவரையும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அத்தனை பேரும் படிக்க வந்தவர்கள். பார்க்காமல் டாக்டராக முடியாது. நாளைக்கு இன்னொரு பையனைக் கண்டுபிடிக்க இந்தப் பையனைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பச்சை வலைக்குள் என்னோடு உட்கார்ந்திருந்த ஏழு பேரும் பறவையை நேசிப்பவர்கள்தான். யாரும் தனியாகப் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை. எல்லாரும் 'ஒரே ஒரு தடவை' பார்த்தோம். வாங்கிக்கொண்டவன் ஒருத்தன்தான்.

38/
அன்றைக்கு நான் மறைவிடத்திலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, பணம் கட்டியாச்சு, பார்த்தும் ஆச்சு. பஸ்ஸில் வரும்போது 2020ல் பார்த்த அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அது கூட்டில் எடுத்த படம் இல்லை. குஞ்சு தானாக வெளியே வந்து, கிளையில் உட்கார்ந்த பிறகு எடுத்தது.

39/
நம்ம ஊர்க் குள்ள மீன்கொத்திக் குஞ்சு துளைக்குள் இருப்பது சுமார் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் அதற்குத் தப்பிக்க வழியே கிடையாது. அம்மா அப்பா கொண்டுவந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் பட்டினி. வெளியே வந்துவிட்டால் பிடிக்காதபோது பறந்து போகலாம். கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியும் துளைக்குள் இருக்கும் குஞ்சு மாதிரிதான். எழுந்து போக முடியாது. எழுந்து போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம்.

40/
இப்போது நானும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் வார்டில் சில விஷயங்கள் உண்டு. ஒரு நோயாளியிடம் ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் கூடாது. முதலில் பெயர் சொல்லி, கேட்டு, சரி என்றால்தான் தொடணும். சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம் கிடையாது. 'போதும்' என்று அவர் சொன்னால் அந்த நாள் முடிந்தது, பரீட்சை நாளைக்கே இருந்தாலும். பசங்க என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பது தெரியும். பரவாயில்லை.

41/
உங்களிடம் ஒரு கேள்வி. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கீங்களா? மூக்கில் டியூபோடு, பாதிக் கண் திறந்தபடி? அவரிடம் கேட்டீங்களா? அக்கறையில்தான் போட்டிருப்பீங்க. நானும் அக்கறையில்தான் டார்ச் அடித்தேன்.

42/
பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு. கூட்டைக் கண்டால் கேமராவை மூடிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு கிளையும் வெட்டாதீங்க, அதுதான் அதற்குக் கூரை, வேலி எல்லாம். வெட்டினால் வெயிலும் பாம்பும் காக்காவும் நேராக உள்ளே. பறவை வாயில் இரையோடு உங்களைப் பார்த்துத் தயங்குகிறதா? நீங்கள் ரொம்பப் பக்கத்தில் இருக்கீங்கன்னு அர்த்தம். கூட்டுப் படத்தை வாங்காத, லைக் போடாத பறவைக் குழுக்கள் இப்போது நிறைய இருக்கின்றன. அவர்களோடு போங்க.

43/
பார்த்த இடத்தை அப்படியே மேப் போட்டுப் பகிராதீங்க. பறவைப் பதிவுக்கு எல்லாரும் பயன்படுத்தும் ஈபேர்ட் தளமே ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய சில பறவைகளின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைத்துத்தான் வைக்கிறது. நோயாளியின் பெயரை நாங்கள் வெளியே சொல்லாத மாதிரி.

44/
அந்தப் பையனுக்கு இப்போது, இருந்தால், முப்பத்து மூன்று வயது. வேறு ஏதாவது ஆஸ்பத்திரியில், கூட்டம் இல்லாத ஏதாவது ஒரு டாக்டர் அந்த வளையத்தைப் பார்த்து மருந்து ஆரம்பித்திருப்பார் என்றுதான் நம்புகிறேன். பதில் வராத கடிதத்தில் நான் எழுதியதை இங்கே திரும்ப எழுதுகிறேன், யாருக்காவது உதவலாம்.

45/
நன்றாக இருந்த பிள்ளைக்குப் பள்ளி வயதில் கையெழுத்து கெட்டு, பேச்சு குழறி, கை நடுங்கினால், அல்லது காரணம் தெரியாமல் மஞ்சள் காமாலை வந்து ஈரல் கெட்டால், டாக்டரிடம் "வில்சன் நோயாக இருக்குமா" என்று வாய் விட்டுக் கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரையும் பரிசோதிக்கணும், நன்றாக இருந்தாலும். மருந்தைச் சொல்லாமல் நிறுத்தக்கூடாது.

46/
மிண்டனாவோவுக்கு நான் போனதில்லை. போகும் ஆசை இன்னும் இருக்கிறது. போனாலும் அந்தப் பறவை கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம். அதன் இரண்டு ஃபோவியாவில் ஒன்றில் நான் தெரிந்து, அது சும்மா நிழலிலேயே உட்கார்ந்திருந்தால் போதும். வாயில் இருக்கும் இரை குஞ்சுக்குப் போய்ச் சேரட்டும்.

47/
அவ்வளவுதான். சர்க்கரைக்காரங்க இந்த வருஷம் விழித்திரைப் பரிசோதனை முடிச்சாச்சான்னு ஒரு தடவை யோசிச்சுட்டுத் தூங்குங்க.